பிடிச்சுப் போ

எங்கள் பனிச்சறுக்குப் பந்தய மலைகளில் "விட்டுப் போ" என்பது வணக்கம் சொல்வது மாதிரி. அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. முதலில் சறுக்கி இறங்கிய பெண், அடிவாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே பயிற்சியாளரின் கையிலிருக்கும் ரேடியோவைப் பிடுங்கி, மேலே காத்து நிற்கிற தன் அணிப் பெண்ணுக்குத் தடம் எப்படி இருக்கிறது என்று சொல்வாள். தடத்தைக் குறிக்க நட்ட இரண்டாவது கொடியில் பனி கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது, கடைசிச் சரிவில் ஒன்றுமில்லை. இதற்குப் பெயர் ரிப்போர்ட். முடிக்கும்போது எல்லோரும் "விட்டுப் போ" என்பார்கள், வேகத்தை அடக்காமல் இறங்கு என்று. தடம் முழுக்கக் குண்டும் குழியுமாக இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். ஏற்கெனவே பயந்து நிற்பவளை இன்னும் பயமுறுத்தி என்ன லாபம்?

காரின் திபோ அந்த வார்த்தையைச் சும்மா சொன்னதே இல்லை. தடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதற்குள் ஒரு வழியைக் கண்டுபிடித்துவைத்திருப்பாள். "சிவப்புக் கொடியில உள்ள போகாத, ஒரு பலகை அளவு வெளிய வா, அங்க பனி பிடிக்குது, விட்டுப் போ" என்பாள். மேலே நிற்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு அதன்படி போகலாம். போனார்கள். ஜெயித்தார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு காரினைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் நோரா. ஹார்ட்வெல் கல்லூரிப் பெண்கள் அணியின் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் ஸ்டாடர்ட் கீழே, வெயிலில், காப்பிக் கோப்பையோடு நிற்பார். நான் மேலே, காற்றில், புறப்படுகிற குடிலில் நிற்பேன். பெண்களின் கோட்டை வாங்கிக்கொள்வது, தொடையைத் தட்டிச் சூடேற்றுவது, ரேடியோவை அவர்கள் காதில் வைப்பது, இதெல்லாம் என் வேலை. அணி ஜெயித்தால் ஸ்டாடர்டின் திட்டம் ஜெயித்தது. தோற்றால் சறுக்குப் பலகைக்குப் போட்ட மெழுகு சரியில்லை. மெழுகு போடுவதும் நான்தான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன்.

காரினை யாரும் அணிக்கு அழைக்கவில்லை. அவளாகவே வந்தாள். மற்றப் பெண்களெல்லாம் பனிச்சறுக்குக்கென்றே இருக்கிற பள்ளிகளில் படித்தவர்கள், இல்லையென்றால் நார்வேயிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ உதவித்தொகையோடு இறக்கப்பட்டவர்கள். காரினின் அப்பா ரெனே, எங்கள் கல்லூரியின் பந்தயங்கள் நடக்கிற டர்னர் மலையில் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் விளக்கு வெளிச்சத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, சறுக்கி இறங்கி, மறுபடி ஏறிக் கற்றுக்கொண்டவள் அவள். முதல் வருடம் ஸ்டாடர்ட் அவளுக்குக் கொடுத்த பதவி கோட்டு தூக்குவது. மேலே பெண்கள் கழற்றிப் போடும் கோட்டுகளையெல்லாம் ஒரு பெரிய பையில் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு, தடத்தின் ஓரமாகவே கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஒரு வருடம் முழுக்க அப்படி ஓரமாகவே போனதில்தான் அவளுக்குத் தடம் பிடிபட்டது. ஒவ்வொரு கொடியிலும் பனி என்ன ஆகிறது, எவள் எங்கே தடுமாறினாள், எது இன்னும் பத்துப் பேருக்குத் தாங்கும், எது தாங்காது என்று பார்த்துக்கொண்டே போவாள். ஒருநாள் கோட்டுப் பையோடு கீழே வந்து, யாரும் கேட்காமலேயே ரேடியோவை வாங்கிப் பேசினாள். அன்றைக்கு எங்கள் பெண் ஒருத்தி முதல் ஐந்துக்குள் வந்தாள். அதற்குப் பிறகு ரேடியோ அவளுடையதாகிவிட்டது. அணியில் அவளுக்கு "வானிலை அறிக்கை" என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் வருடம் அவளையும் பந்தயத்தில் இறக்கினோம். கடைசி எண் கொடுத்தார்கள். அவளுக்கு முன்னால் எல்லோரும் உழுதுவிட்டுப் போன தடத்தில் இறங்கி, பாதிப் பேரைத் தாண்டி வந்தாள். அந்த வருடமே ஒருமுறை ஏழாவது இடம். மூன்றாம் வருடம் முதுகில் அடி. பனிக்காலம் முழுக்கக் கம்பளத்தின் மேல் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தய நாட்களில் மட்டும் எழுந்து வந்து கோட்டு தூக்கினாள். நான்காம் வருடம் திரும்பி வந்தாள். அதுதான் கடைசி வருடம். கல்லூரியோடு பனிச்சறுக்குப் பந்தயமும் அவளுக்கு முடிந்துவிடும். அதற்கப்புறம் எங்கே போவது? தேசிய அணி கூப்பிடுகிற வயதெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வருடக் கடைசியில் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி நடக்கும். அதில் முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட்டால் ஒரு பட்டம் கொடுப்பார்கள். சாகும்வரைக்கும் பெயருக்குப் பின்னால் அது இருக்கும். ஒரு கல்லூரிக்கு மூன்று பெண்கள்தான் போகலாம். இவள் போனதே இல்லை.

அந்த வருடம் போட்டி யூட்டாவில். முதல் இரண்டு இடங்கள் முன்பே முடிவாகிவிட்டன. ஒன்று டெஸ்ஸுக்கு. கொலராடோக்காரி, நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்றாவது இடம் காரினுக்கா யோரூனுக்கா என்பதுதான் பாக்கி.

யோரூன் நார்வேக்காரி. அவள் நாட்டு இளையோர் அணியிலிருந்து கழித்துவிடப்பட்டு எங்களிடம் வந்தவள். முகத்தைப் பார்த்தால் சிரிப்பாளா கடிப்பாளா என்று தெரியாது. வந்த புதிதில் ஒரு பந்தயம் முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெட்ரோல் பங்கில் வாங்கிய காய்ந்த சாண்ட்விச்சை எல்லோரும் மென்றுகொண்டிருந்தபோது ரிப்போர்ட் பற்றிப் பேச்சு வந்தது.

"எங்க டீம்ல ரிப்போர்ட் வந்தா அதைத் தலைகீழாப் பண்ணுவோம்" என்றாள் யோரூன். "இடது பக்கம் நல்லாருக்குன்னு சொன்னா வலது பக்கம் போவோம்."

"நிஜமாவே இடது பக்கம் நல்லாருந்தா?" என்று டெஸ் கேட்டாள்.

"இருக்கவே இருக்காது. நாலு பேரு, ஒரு இடம். எவ உண்மையைச் சொல்லுவா?"

"பாவம்டி நீங்க" என்றாள் காரின், வாயில் ரொட்டியோடு. "அப்புறம் எதுக்கு அந்த ரேடியோ? வித்துட்டு டோநட் வாங்கித் தின்னிருக்கலாம்ல?"

வேனே சிரித்தது. யோரூனும் சிரித்தாள்.

"உன்னை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனா ஒரே வாரத்துல முழுங்கிடுவாங்க. முதல் பந்தயத்துல நீ சொன்னதுக்கும் எதிராத்தான் போனேன், தெரியுமா? நல்லா விழுந்தேன்."

"பார்த்தேன். கோட்டை நான்தானே தூக்கிட்டு வந்தேன்."

"அதுக்கப்புறம்தான் நம்பினேன்."

நம்பியதற்குப் பலனும் கிடைத்தது. யோரூன் அந்த வருடமும் அடுத்த வருடமும் காரினின் குரலைக் காதில் வாங்கிக்கொண்டு இறங்கி, இரண்டு பந்தயங்களை ஜெயித்தாள். இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள். காரின் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். ரெனே தோசைக்கல்லளவு பான்கேக் சுட்டு, மேப்பிள் பாகை ஊற்றி, "சாப்பிடு, சாப்பிடு, உங்க நாட்டுல மீனைத் தவிர என்ன இருக்கு?" என்று கேலி செய்வார்.

கடைசிப் பந்தயம் டர்னர் மலையில் நடந்தது. இரண்டு பேருக்கும் புள்ளிகள் ஒட்டி ஒட்டி இருந்ததால், அன்றைக்கு யார் முன்னால் வருகிறாளோ அவள் தேசியப் போட்டிக்குப் போவாள். ஸ்டாடர்ட் காலையில் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது. சாலையோர மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்க வாளி மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். மலையின் நடுவில் சட்டென்று நிலம் வளைந்து கீழே விழுகிற ஒரு இடம் இருக்கிறது. முன்பு மேய்ச்சல் நிலமாக இருந்ததால் அதை மாட்டு இடுப்பு என்பார்கள். மேலே நிற்கிற எங்களுக்கு அதுவரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும். இடுப்பைத் தாண்டிவிட்டால் பெண்கள் மறைந்துவிடுவார்கள். அப்புறம் ஒலிபெருக்கியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பந்தயம் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் யோரூன் நான்காவது, காரின் கொஞ்சம் பின்னால். இரண்டாவது ஓட்டத்தில் வரிசையைத் திருப்பிப் போடுவார்கள், பின்தங்கியவர்கள் முதலில் இறங்க வேண்டும். ஆகவே காரின் முன்னால், அவளுக்கு இரண்டு பேருக்குப் பிறகு யோரூன். டெஸ் முதல் ஓட்டத்திலேயே விழுந்துவிட்டதால் என்னோடு மேலே நின்று கோட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தாள்.

காரின் போனதை நான் பார்த்தேன். நான்கு வருடத்தில் அவள் அப்படிப் போனதில்லை. மாட்டு இடுப்பில் குதித்து மறைந்தாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் குரல் உடைந்து கத்தினார். இதுவரை இறங்கிய எல்லோரையும்விட வேகம், அதுவும் சின்ன வித்தியாசத்தில் இல்லை. டெஸ் கோட்டுகளைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். யோரூன் குதிக்கவில்லை. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு முன்னாடி இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

சொன்னேன்.

"அப்படியா" என்றாள்.

ரேடியோ கரகரத்தது. நான் அதை யோரூனின் தலைக்கவசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யோரூன், கேக்குதா? மேல சுத்தமா இருக்கு. முதல் சரிவு முழுக்க விட்டுப் போ." மூச்சு வாங்கினாள். "மாட்டு இடுப்பு தாண்டினதும் ஒரு நீலக் கொடி வரும்ல? அங்க அடியில ஊத்து இருக்கு. வெயிலுக்கு முழிச்சுக்கிச்சு. மேல ஓடு மட்டும்தான் நிக்குது, அடியில ஒண்ணுமில்ல. நான் போகும்போதே நொறுங்குச்சு. நேரா போகாத. நல்லாத் தள்ளி வா. அந்த ஒரு இடத்துல மட்டும் பிடிச்சுப் போ. கேட்டியா? பிடிச்சுப் போ."

டெஸ் என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். வேகத்தை அடக்கச் சொல்லும் அந்த வார்த்தையைக் காரினின் குரலில் நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

உடனே ஸ்டாடர்டிடம் ரேடியோவில் சொன்னேன். நடுவர்கள் பார்த்துவிட்டதாகவும், பணியாளர்கள் இடையில் புகுந்து தடத்தை வழித்துவிட்டுப் போனதாகவும், ஒன்றும் இல்லையென்றும் சொன்னார். அதற்குள் அடுத்த பெண் இறங்கினாள். நேராகத்தான் போயிருப்பாள். ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்தவளும் போனாள். அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

யோரூன் குடிலுக்குள் வந்து தடியை ஊன்றினாள்.

"பிடிச்சுப் போவா? காரின் சொல்றாளா?" என்றாள்.

"கேட்டேல்ல. நீலக் கொடியில பிடிச்சுக்கோ" என்றேன்.

"ரெண்டு பேரும் நேராத்தானே போனாங்க?"

"காரின் சொன்னா நம்பு, யோரூன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்று வேனில் தன் பழைய அணிப் பெண்களைப் பற்றிச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு. அப்புறம் பீப் ஒலி அடித்தது, போய்விட்டாள்.

மாட்டு இடுப்பில் அவள் நேராகத்தான் பாய்ந்தாள். அதை நான் மேலிருந்தே பார்த்தேன். ஒலிபெருக்கி ஏதோ சொல்லவந்து நடுவில் நின்றது. ரேடியோவில் பல குரல்கள் ஒரே நேரத்தில், "நிறுத்து, மேல நிறுத்து" என்றன. அடுத்து நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

ஓடு உடைந்து, பலகை உள்ளே போய் மாட்டிக்கொண்டு, உடம்பு மட்டும் முன்னால் போயிருக்கிறது. காரின் அடிவாரத்திலிருந்து அந்தக் கனமான காலணியோடு சரிவில் ஓடி ஏறி, மீட்புக்குழுவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நான் இறங்கிப் போனபோது யோரூனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யோரூன் அவளைப் பார்க்கவே இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு அவள் மொழியில் ஏதோ முனகினாள். இடது முழங்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில், உடைந்த பனிக்கு அடியில், கொஞ்சமாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கொடியைத் தள்ளி நட்டுப் பந்தயத்தை முடித்தார்கள். காரின் மூன்றாவது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக மேடை ஏறினாள். கூட்டம் கை தட்டியது, ஆனால் எப்படித் தட்டுவது என்று தெரியாமல் தட்டியது. ரெனே ஓரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் நானும் காரினும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெனே ஒரு பாட்டில் மேப்பிள் பாகு கொடுத்தனுப்பியிருந்தார். யோரூன் கால் முழுக்கக் கட்டோடு, கட்டிலைச் சாய்த்துப் படுத்திருந்தாள். இனி பந்தயம் கிடையாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

காரின் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றாள் காரின் கடைசியில். சண்டைக்குச் சொல்லவில்லை, அழுகைக்குப் பக்கத்திலிருந்து சொன்னாள். "பிடிச்சுப் போன்னு சொன்னேன்ல, யோரூன்."

"சொன்னே. இவ்வளவு நாள்ல எத்தனையோ தடவை ரேடியோல பேசியிருக்கே. ஒரு தடவைகூட பிடிச்சுப் போன்னு சொன்னதில்ல. அன்னிக்கு மட்டும் சொன்னே. நான் மெதுவாப் போனா உனக்குச் சீட்டுங்கற அன்னிக்கு."

"அன்னிக்குத்தான் பிடிச்சுப் போகவேண்டியிருந்துச்சு."

"இப்பத் தெரியுது." யோரூன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உன் மேல தப்பு இல்ல. உன் இடத்துல நான் இருந்திருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். அதனால நீயும் சொல்லுவேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

ஒரு நர்ஸ் வந்து மருந்தை மாற்றினாள். நாங்கள் கிளம்பும்போது யோரூன், "யூட்டால நல்லாப் போ" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாளா, குத்திக் காட்டினாளா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. காரினுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"நோரா, என் குரல் எப்படி இருந்துச்சு?"

"எப்ப?"

"பிடிச்சுப் போன்னு சொன்னப்ப."

"மூச்சு வாங்கிட்டு இருந்தே. வேற என்ன?"

"நான் சொன்னது உண்மைதான். காலுக்கு அடியில ஓடு உடைஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. ஆனா சொல்லும்போது..." நிறுத்தினாள். "அவ பிடிச்சுப் போனா நான் போயிடலாம்னு ஒரு மூலையில தோணுச்சு, நோரா. ஒரு நிமிஷம் கூட இல்ல. அது குரல்ல வந்திருக்குமோ? அதைத்தான் அவ கேட்டாளோ?"

"பைத்தியமா உனக்கு? நீ சொன்ன மாதிரி அவ கேட்டிருந்தா இன்னிக்கு ரெண்டு காலோட நடமாடியிருப்பா. முடிஞ்சுது. இதைப் போட்டுக் குழப்பிக்காத."

என் பதில் அவளுக்குப் போதவில்லை. எனக்கே போதவில்லை.

கல்லூரியில் யாரும் காரினைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் கேவலம். குற்றம் சொன்னால் பதில் சொல்லலாம். எல்லோரும் "நீ சரியாத்தான் சொன்னே" என்று ஆறுதல் சொன்னார்கள், ஆறுதல் எதற்குத் தேவை என்பதைச் சொல்லாமல். யோரூனின் அம்மா விமானத்தில் வந்திறங்கி, எல்லோரோடும் கை குலுக்கினாள், காரினோடு மட்டும் கொஞ்சம் தாமதமாகக் குலுக்கினாள். ஒரு மத்தியானம் மெழுகு அறைக்கு வெளியே டெஸ் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"நான் தப்பா சொல்லலப்பா. ஆனா யோசிச்சுப் பாரு. நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதுவும் அன்னிக்கு."

மெழுகை உருக்கித் தேய்க்கிற சூடான இஸ்திரிப் பெட்டி கையிலிருந்தது. அதோடேயே வெளியே போனேன்.

"ரெண்டு வருஷமா அவ ரிப்போர்ட்டை வச்சுத்தானே வயித்தை வளர்த்தே? அப்பெல்லாம் நம்பினேல்ல? அவ கால் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல உன் வாய் வரக்கூடாது, போ உள்ள!"

டெஸ் அழுதாள். ஸ்டாடர்ட் என்னைக் கூப்பிட்டுப் பெண்களிடம் இப்படிப் பேசக்கூடாது என்றார். சரி என்றேன்.

தேசியப் போட்டிக்குப் போவதற்கு முன் இருந்த நாட்களில் காரின் பயிற்சியில் நன்றாகத்தான் இறங்கினாள். ஆனால் ரேடியோவைத் தொடவில்லை. கீழே போனதும் யாராவது ரேடியோவை நீட்டினால், "நீயே சொல்லு, எனக்கு மூச்சு வாங்குது" என்பாள். மற்றப் பெண்கள் விட்டுப் போ, விட்டுப் போ என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதற்கும் அர்த்தமில்லாத அந்தப் பழைய வார்த்தை.

யூட்டாவில் பனி எங்கள் ஊர்ப் பனி மாதிரி இல்லை. காய்ந்து, மாவாக, காலுக்கடியில் கீச்சென்று சத்தம் போடும். முதல் ஓட்டத்தில் காரின் ஏழாவது வந்தாள். பெரிய கல்லூரிக்காரர்களெல்லாம் அவள் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ரெனே வீட்டிலிருந்து போன் செய்து, "ஏழாவதா, ஏழாவதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னொரு ஓட்டம். அதே மாதிரி ஒன்று வந்தால் பட்டம். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாழைப்பழத்தை மட்டும் பாதி கடித்து என்னிடம் கொடுத்தாள்.

இரண்டாவது ஓட்டத்தில் டெஸ் அவளுக்கு வெகு முன்னால் இறங்கினாள். நன்றாகவே இறங்கினாள். அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஆயிரம் சொல்லுவேன், ஆனால் அன்றைக்கு அவள் செய்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரேடியோவை வாங்கிக்கொண்டு, எப்போதும்போல இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு கொடியாகச் சொன்னாள். காரின் சொல்வது மாதிரியே சொன்னாள். எங்கே பனி பிடிக்கிறது, எங்கே ஒரு பலகை அளவு வெளியே வரவேண்டும், எல்லாம். இவ்வளவு நாள் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"காரின், கடைசிச் சரிவு பார்த்தா பயமா இருக்கும். நிழல் விழுந்து பள்ளம் மாதிரி தெரியுது. பள்ளமே இல்ல. நான் அது மேலதான் போனேன், கல்லு மாதிரி இருக்கு. அங்கதான் நேரம் கிடைக்கும். விட்டுப் போ. நிஜமாச் சொல்றேன், விட்டுப் போ."

காரின் கவசத்துக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ரேடியோவை எடுத்துக்கொள்ளப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிஜமாவா, நோரா?"

"டெஸ் சொல்றாளே."

"அவ சொல்றா. நிஜமாவா?"

ஓரமாகக் கோட்டு தூக்கிக்கொண்டு போயே தடத்தைப் படித்தவள், ரேடியோவில் வந்த எதையும் ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்காதவள், அன்றைக்கு அப்படிக் கேட்டாள். எனக்குக் கடைசிச் சரிவு தெரியவில்லை. மேலிருந்து எப்போதுமே தெரியாது. "நிஜந்தான், போ" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பி ஆட்டிய தலை இல்லை அது.

மேல்பாதியில் முதல் ஓட்டத்தைவிட வேகமாகப் போனாள். ஒலிபெருக்கியில் நடுவழி நேரம் வந்தது, ஐந்தாவது. அடிவாரத்தில் கூட்டம் கத்துவது எனக்கு மேலே கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கடைசிச் சரிவில், குனிந்து பாய்ந்தவள் நிமிர்ந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். விழவில்லை, தடுமாறவில்லை. அந்த நிழலைச் சுற்றிக்கொண்டு, தள்ளி, பத்திரமாக, பிடித்துப் பிடித்துப் போயிருக்கிறாள்.

பதின்மூன்றாவது இடம். கல்லூரியின் இணையப் பக்கத்தில் அவளைப் பற்றி ஆறு வரி இருக்கிறது. ஊர் பெயர், படித்த பாடம், ஒரு ஏழாவது, ஒரு மூன்றாவது, அப்புறம் தேசியப் போட்டியில் பதின்மூன்றாவது. அவள் வாழ்க்கையின் மிகச் சிறந்த சாதனை என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் அணியில் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. குடிலில் நான் அவளுடைய கோட்டை மடித்துக்கொண்டிருந்தேன். கீழே கொண்டுபோக வேறு ஆள் இல்லை. அப்போது ரேடியோ கரகரத்தது. கேட்கவேண்டியவர்கள் எவரும் மேலே இல்லாதபோது வந்த ரிப்போர்ட்.

"நோரா. அங்க பள்ளம் இல்ல." மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "டெஸ் உண்மையைத்தான் சொன்னா."